யன்னலுக்கு வெளியே நிற்பவரின் கண்

1955ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தென்பட்டது. அதனைக் கண்ட மூத்தோர் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு சொல்லப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. கண்ணில் உள்ள வில்லை சூரிய ஒளியைக் குவித்து, விழித்திரையில் ஒரு சிறு புள்ளியில் விழச் செய்கிறது. விழித்திரைக்கோ வலி தெரியாது. ஆதலால் அது கருகும் வேளையில் பார்ப்பவர் எதனையும் உணர்வதில்லை. பின்னரே பார்வையின் நடுவில் ஒரு கறை தோன்றுகிறது.

இந்தத் தீங்கிலிருந்தே ஒரு வைத்தியமும் பிறந்தது. 1945ஆம் ஆண்டுக் கிரகணத்தைப் பார்த்துக் கண் பழுதான ஒரு மாணவரை ஜெர்மனியக் கண் வைத்தியர் மேயர் ஷ்விக்கராத் பரிசோதித்தார். ஒளி இட்ட அந்தத் தழும்பைக் கண்ட அவருக்கு, இதே சூட்டினால் விழித்திரையின் நோயைக் குணப்படுத்தலாமே என்ற எண்ணம் உதித்தது. ஆடிகளால் சூரிய ஒளியையே அறைக்குள் கொண்டுவந்து சிகிச்சை செய்தார். 1960இல் தியோடர் மைமன் என்ற அமெரிக்கர் முதல் லேசரை இயக்கிக் காட்டிய பின், அந்தப் பணியை லேசர் ஏற்றுக்கொண்டது. நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டோருக்கும், கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் மீண்டும் பார்வை மங்கியோருக்கும் இன்று அது கைகொடுக்கிறது. ஹாலிஎலையிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பதுளைக்கும் கொழும்புக்கும் சென்று வரும் நோயாளிகளுக்கு லேசர் என்ற சொல் இப்போது புதியதன்று.

அறைக்குள் பாதுகாப்பு, வெளியே?

லேசர் இயங்கும்போது வைத்தியர் உரிய கண்ணாடி அணிகிறார். அல்லது கருவியிலேயே பாதுகாப்பு வடிகட்டி இருக்கிறது. தாதியும் கண்ணாடி அணிகிறார். தோலுக்குச் சிகிச்சை பெறுபவரின் கண்கள் மூடி மறைக்கப்படுகின்றன. ஆனால் யன்னலுக்கு வெளியே தன் முறைக்காகக் காத்திருப்பவருக்கு என்ன பாதுகாப்பு? உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு?

நம் பகுதியின் கட்டட அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். மலைச்சரிவில் எழும் கட்டடங்களில், ஒரு பக்கம் மேல்மாடியாக இருப்பது மறுபக்கம் வீதி மட்டத்தில் இருக்கும். ஒரு வீட்டு யன்னல் இன்னொரு வீட்டு விறாந்தையைப் பார்த்தபடி இருக்கும். மேல்மாடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இங்கே சொல்லிவிட முடியாது.

யன்னலில் கண்ணாடி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கண்ணாடி எல்லா லேசரையும் தடுப்பதில்லை. விழித்திரைச் சிகிச்சைக்குப் பயன்படும் 532 நனோமீற்றர் பச்சை ஒளி அதனூடாகத் தாராளமாகச் செல்லும். முடி நீக்கப் பயன்படும் 755, 810, 1064 நனோமீற்றர் கற்றைகளும் அவ்வாறே. இவற்றுள் 1064 நனோமீற்றர் ஒளி கண்ணுக்கே புலப்படாது. பிரகாசமான ஒளி பட்டால் கண் கால் செக்கனில் தானாக மூடிக்கொள்ளும்; புலப்படாத ஒளிக்கு அந்தக் காவலும் இல்லை. கண்ணுள் புகும் கற்றையை வில்லை ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு செறிவாக்கி விழித்திரையில் சேர்த்துவிடும். மாறாக, மரு போன்றவற்றை அகற்றும் காபனீரொட்சைட்டு லேசரின் 10,600 நனோமீற்றர் ஒளியைச் சாதாரண கண்ணாடியே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே எந்த லேசர் என்று அறியாமல் எந்தத் திரை என்று முடிவு செய்ய இயலாது.

எத்தகைய திரை?

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60825 என்னும் நியமம் லேசர்களை ஆபத்தின் அளவுப்படி வகுக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் பயன்படும், 1 மில்லிவாற்றுக்கு மேற்படாத 2ஆம் வகுப்புச் சிவப்பு லேசருக்கு யன்னலை மூட வேண்டியதில்லை. அதை எவர் கண்ணிலும் பாய்ச்சாதிருந்தால் போதும். 3பி, 4 ஆகிய வகுப்புகளே கவலைக்குரியவை. 4ஆம் வகுப்பில் ஏதேனும் ஒரு பரப்பில் பட்டுச் சிதறும் ஒளியும் கண்ணைக் கெடுக்கலாம். கற்றை துணியில் பட்டால் தீப்பற்றவும் கூடும். எனவே வீட்டு யன்னலுக்கு வாங்கும் மெல்லிய சீலை இங்கே உதவாது.

நிரந்தரமாக மூடக்கூடிய யன்னலுக்கு ஒளிபுகாத உலோகத் தகடு எளிய வழி. திறந்து மூட வேண்டியதற்குத் தீப்பற்றாத, லேசருக்கென்றே சோதிக்கப்பட்ட திரை வேண்டும். ஓரங்களில் இடைவெளி விடாமல் அது சட்டத்தினுள் பொருந்த வேண்டும். வெளிச்சமும் வேண்டுமாயின் வடிகட்டிப் பலகை உண்டு. எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ஒளியடர்த்தி என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒளியடர்த்தி 4 என்றால் விழும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே கடக்கும். 6 என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஓர் அலைநீளத்துக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பயன்படாது.

திரையோடு வேலை முடிவதில்லை. கதவில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அறையில் முகம் பார்க்கும் கண்ணாடியும் பளபளக்கும் பொருள்களும் கற்றையின் வழியில் இருத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் கருவியின் சாவியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். சிகிச்சைக்குச் செல்லும் சகோதர சகோதரிகளும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. "இந்த யன்னலை மூடவில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கருவியின் ஆபத்து எல்லைக்கு அப்பால் யன்னல் இருக்கிறது என்றால் அதைச் சொல்ல அவர்களால் முடியும். முடியாவிட்டால் அந்தக் கேள்வி அவர்களைச் சிந்திக்க வைக்கும்.

இப்னுல் ஹைதம் சொன்ன பாடம்

965இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், தமது கிதாபுல் மனாழிரில் பார்வையைப் பற்றி ஆராயும்போது, கடும் ஒளியைப் பார்க்கும் கண் நோவுக்கும் தீங்குக்கும் உள்ளாகிறது என்பதை எடுத்துக் காட்டுகிறார். இருண்ட அறையின் துளை வழியே விளக்கொளியை வரவிட்டு, ஒளி நேர்கோட்டில் செல்வதை நிறுவியவரும் அவரே. துளை இருந்தால் ஒளி வரும்; துளை இருந்தால் ஒளி போகவும் செய்யும்.

நம் வீடுகளில் திரை தொங்குவது பிறர் பார்வை உள்ளே வராதிருக்க. லேசர் அறையின் திரையோ உள்ளிருக்கும் தீங்கு பிறரிடம் போகாதிருக்க. அண்டை அயலாருக்கு நம்மால் தொல்லை நேரக் கூடாது என்று பேசுகிறோம். தனக்கு ஆபத்து உண்டென்றே அறியாத வழிப்போக்கரும் அந்த அயலாரில் ஒருவர்தாம்.