பேரனுக்கு பொம்மை ரெயில் வாங்கப் போறீங்களா? பெட்டியை திருப்பிப் பாருங்க!

நாசரேத், டிச. 20–

"தாத்தா! எனக்கு ரெயில் வேணும். தண்டவாளத்துல ஓடுற ரெயில்!"

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாசரேத்தில் பல வீடுகளில் கேட்கும் குரல் இது.

கேட்காமல் என்ன செய்யும் பிள்ளை? திருநெல்வேலி–திருச்செந்தூர் ரெயில் பாதையில் இருக்கிற ஊர் இது. 1923-ம் ஆண்டு பாதை திறந்த நாளில் இருந்து, போகிற வருகிற ரெயிலுக்கு கை காட்டி வளர்ந்தவர்கள்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள். தாத்தாவும் ஒரு காலத்தில் கை காட்டியவர்தான்.

பென்ஷன் பணத்தில் மிச்சம் பிடித்து தாத்தா கிளம்பி விடுகிறார். நாசரேத் பஜாரில் கிடைக்காவிட்டால் தூத்துக்குடி. அங்கும் மனசுக்கு பிடிக்காவிட்டால் நெல்லை.

கடையில் பெரிய பெட்டி ஒன்று கண்ணைப் பறிக்கிறது. மேலே படம். புகை விட்டுக்கொண்டு என்ஜின். பின்னால் மலை, சுரங்கம், பாலம், ஸ்டேஷன்!

வீட்டுக்கு கொண்டு வந்து திறந்தால்? வட்டமாக ஒரு தண்டவாளம். ஒரு என்ஜின். இரண்டு பெட்டி. மலையும் சுரங்கமும் படத்தோடு சரி!

இது ஏமாற்றம்தான். ஆனால் இதோடு போனால் பரவாயில்லை. சில சமயம் பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கிற சங்கதியும் அதே பெட்டிக்குள் இருக்கும்.

"வயசு என்ன அண்ணாச்சி?"

விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் விலையைப் பற்றி பேச மாட்டார். "பிள்ளைக்கு வயசு என்ன அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார். கேட்காத கடைக்காரராக இருந்தால் நாமே சொல்லி விட வேண்டும். பொம்மை ரெயில் விஷயத்தில் பாதி முடிவு அதில்தான் இருக்கிறது.

3 வயதுக்கு உட்பட்ட பிள்ளையா? தண்டவாளமே வேண்டாம். கையால் தள்ளுகிற, கயிறு கட்டி இழுக்கிற மர ரெயில் போதும். அம்பாசமுத்திரத்தில் அரக்கு வண்ணம் பூசிய மர சொப்பு சாமான்கள் தலைமுறை தலைமுறையாக செய்கிறார்கள். கர்நாடகத்தில் சென்னபட்டணா இதற்கு பேர் போன ஊர். இந்த வயசுப் பிள்ளைக்கு எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். கழன்று வருகிற சக்கரம், ஆணி, சின்ன மணி இருக்கிற பொம்மையை தொடவே கூடாது. ஒன்றேகால் அங்குல அகல குப்பிக்குள் அடங்கி விடுகிற எந்த துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கும்.

3 முதல் 7 வயதா? கையால் கோர்க்கிற மரத் தண்டவாளம் அல்லது பிளாஸ்டிக் தண்டவாளம் நல்லது. சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடுகிற என்ஜின் போதும். வளைவு, நேர்த்துண்டு, பாலம் என்று தனித்தனியாக மாற்றிப் போடுகிற செட்டாகப் பார்க்க வேண்டும். ஒரே வட்டத்தில் சுற்றுகிற ரெயிலை பிள்ளை நாலு நாள்தான் பார்க்கும். ஐந்தாம் நாள் அது கட்டிலுக்கு அடியில்!

பாதையை மாற்றிப் போட முடிந்தால் கதையே வேறு. 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை இந்த வட்டாரம் மறக்குமா? செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் நின்று போனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அதைப் பார்த்த பிள்ளை, கேட்ட பிள்ளை வீட்டில் என்ன விளையாடும்? பாலத்தை உடைக்கும். ரெயிலை நிறுத்தும். பிறகு தானே பாதை போட்டு ஓட்டிக் காட்டும். கழற்றி மாட்டுகிற செட்டில்தான் இந்த விளையாட்டு நடக்கும்.

8 வயதுக்கு மேலா? அப்போதுதான் தண்டவாளத்திலேயே மின்சாரம் பாய்ந்து ஓடுகிற 'மாடல்' ரெயில் பற்றி யோசிக்கலாம். அதிலும் "14 வயதுக்கு மேல்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அதை பொம்மையாக நினைக்கக்கூடாது. அது பெரியவர்கள் சேகரிக்கிற சாமான்.

மீட்டர் கேஜா? பிராட் கேஜா?

நாசரேத்காரர்களுக்கு கேஜ் பற்றி பாடம் எடுக்க வேண்டியது இல்லை. திருச்செந்தூர் பாதையில் பல ஆண்டு ஓடியது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மில்லி மீட்டர். 2008-ல் அகலப் பாதையாக மாற்றினார்கள். இப்போது 1,676 மில்லி மீட்டர். பழைய பெட்டியை புது பாதையில் ஓட்ட முடியுமா? முடியாது அல்லவா?

பொம்மையிலும் இதே கதைதான்!

'ஓ' கேஜ் என்றால் தண்டவாள இடைவெளி 32 மில்லி மீட்டர். 'எச்.ஓ.' என்றால் 16.5 மில்லி மீட்டர். 'என்' கேஜ் 9 மில்லி மீட்டர். ஜெர்மனியின் மார்க்ளின் கம்பெனி 1972-ல் கொண்டு வந்த 'இசட்' கேஜ் வெறும் 6.5 மில்லி மீட்டர். ஒன்றின் பெட்டி இன்னொன்றின் பாதையில் ஏறாது.

உலகத்தில் அதிகம் புழங்குவது எச்.ஓ. நிஜ ரெயிலில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் செய்த பழைய நீலப் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்கு சற்று அதிகம். எச்.ஓ. அளவில் செய்தால் சுமார் 25 சென்டி மீட்டர் வரும். பள்ளிக்கூட ஸ்கேலை விட கொஞ்சம் குட்டை. பிள்ளையின் கைக்கு அடக்கமான அளவு.

ஆனால் இடம் வேண்டுமே! 18 அங்குல ஆரம் உள்ள வளைவு என்றால் வட்டத்துக்கே 3 அடி அகலம் போய்விடும். ஓரத்தில் இடம் விட்டால் 4 அடிக்கு 4 அடி பலகை வேண்டும். ரெண்டு ரூம் வீட்டில் அதை எங்கே வைப்பது? கடைக்குப் போகும் முன்பு வீட்டில் டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

இன்னொரு சங்கதி. கேஜ் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்கு கம்பெனி கொக்கியும் மின்சார அமைப்பும் மாறும். மார்க்ளின் எச்.ஓ. என்ஜின் தண்டவாளத்தின் நடுவில் உள்ள புள்ளிகளில் இருந்து மின்சாரம் எடுக்கும். மற்ற பெரும்பாலான கம்பெனிகளின் என்ஜின் இரண்டு தண்டவாளத்தில் இருந்தே எடுக்கும். இரண்டையும் கலந்தால் ஓடாது. அடுத்த வருஷம் கூடுதல் பெட்டி வாங்கலாம் என்று திட்டம் இருந்தால், அதே கம்பெனியின் உதிரி சாமான் கிடைக்குமா என்று இப்போதே கேட்க வேண்டும்.

வெளிநாட்டு பொம்மைக்கு சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதம் ஆனது. 2023-ல் 70 சதவீதம். ஒரு சின்ன பல்சக்கரம் உடைந்தாலும் பர்ஸ் காலி!

காசு மாதிரி இருக்கும் எமன்

இனி சொல்லப் போவதுதான் முக்கியம்.

சில பொம்மைகளில், ரிமோட்டுகளில் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். பார்த்தால் பளபளவென்று சில்லறைக் காசு மாதிரி. கீழே விழுந்தால் பிள்ளை எடுத்து வாயில் போட்டுவிடும்.

விழுங்கினால் என்ன ஆகும்? பெரிய அளவு பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் பாயும். அந்த இடத்தில் காஸ்டிக் சோடா உருவாகி சதையை அரிக்கும். காஸ்டிக் சோடா என்றால் சாகுபுரம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியது இல்லை. இரண்டே மணி நேரத்தில் குழாய் வெந்து போகலாம். உயிரும் போகலாம்.

வலி, வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. சந்தேகம் வந்த நிமிஷமே 108-க்கு போன் செய்து, எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முடிந்தால் அந்த பேட்டரியின் அட்டையையோ பொம்மையையோ கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கடையிலேயே பார்க்க வேண்டியது ஒன்றுதான். பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா? நகத்தால் தள்ளினால் திறந்து விடுகிற மூடியா? திறந்தால், திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

காந்தத்திலும் கவனம் வேண்டும். மர ரெயிலில் பெட்டிகளை ஒட்ட வைப்பது காந்தம்தான். அது கழன்று வரக்கூடாது. இரண்டு காந்தத்தை பிள்ளை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்பை நடுவில் பிடித்து ஒன்றை ஒன்று இழுத்து ஓட்டை போட்டு விடும்.

மின்சார ரெயில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத்தில் வருவது பெரும்பாலும் 12 வோல்ட். தொட்டால் ஆபத்து இல்லை. ஆனால் சுவரில் செருகும் அடாப்டருக்குள் வருவது 230 வோல்ட். பேர் தெரியாத அடாப்டர், ஒட்டுப்போட்ட ஒயர் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

முத்திரை எங்கே?

இதை எல்லாம் ஒவ்வொரு தாத்தாவும் சோதித்துப் பார்க்க முடியுமா? அதற்காகத்தான் சட்டம் வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

பெட்டியை திருப்பிப் பார்த்தால் முத்திரை இருக்க வேண்டும். சாதாரண பொம்மைக்கு ஐ.எஸ். 9873. மின்சாரம், பேட்டரியில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. கூடவே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் லைசென்சு எண். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் ஆப்பில் தட்டினால், முத்திரை அசலா போலியா என்று தெரிந்துவிடும். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே மர ரெயிலில் முத்திரை இல்லை என்றால் உடனே ஒதுக்க வேண்டாம். யார் செய்தது என்று கேளுங்கள். சக்கரத்தை இழுத்துப் பாருங்கள். வண்ணம் கையில் ஒட்டுகிறதா என்று ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.

உப்புக்காற்றும் தேரி மணலும்

நம்ம ஊருக்கு என்றே இரண்டு தொல்லை உண்டு. கடல் பக்கத்து உப்புக்காற்றில் தண்டவாளம் கறுத்துப் போகும். கறுத்தால் மின்சாரம் ஏறாது. "புது ரெயில், ஒரு மாசத்துல நின்னு போச்சு" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன்பு, தண்டவாளத்தை சுத்தமான துணியால் துடைத்துப் பார்க்கலாம். பித்தளை தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். நிக்கல் சில்வர் என்று போட்டிருந்தால் அதிக நாள் தாங்கும்.

அடுத்தது தேரி மணல். காற்றில் வருகிற செம்மண் தூள் தரையில் கிடக்கும். தரையில் ஓட்டினால் பல்சக்கரத்துக்குள் புகுந்து அரைத்துவிடும். பலகையில் வைத்து ஓட்டி, முடிந்ததும் மூடி வைப்பது நல்லது.

ஆசை யாருடையது?

கடைசியாக ஒரு கேள்வி. ரெயில் பிள்ளைக்கா? வாங்குகிறவருக்கா?

பொம்மை ரெயில் ஆசைக்கு வயது கிடையாது. மார்க்ளின் கம்பெனி 1891-ல் லைப்சிக் கண்காட்சியில் சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் ஓடும் ரெயிலை வைத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920-ல் தன் பெயரில் ரெயில் விட்டார். புனே நகரத்தில் ஜோஷி என்பவர் சேர்த்து வைத்த குட்டி ரெயில்களுக்காக 1998-ல் ஒரு மியூசியமே வந்தது. இவர்கள் எல்லாம் குழந்தைகள் அல்ல!

ஆசைப்படுவது தப்பு இல்லை. ஆனால் 4 வயது பேரனுக்கு 12 வயது பையனின் ரெயிலை வாங்கினால் என்ன நடக்கும்? "தொடாதல! உடைச்சிராத! தள்ளி நில்லு!" என்று கிறிஸ்துமஸ் அன்று முழுவதும் தாத்தா சத்தம் போடுவார். ரெயில் அலமாரிக்குப் போகும். பிள்ளை அழுதுகொண்டு தூங்கும்.

இந்த தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது கோடைக்கு கோடை நுங்கு வண்டி ஓட்டியவர். தின்று போட்ட இரண்டு நுங்குக் கூந்தல், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. செலவு காலணா இல்லை. உடைந்தால் யாரும் திட்டவில்லை. அடுத்த நுங்கு வெட்டியதும் அடுத்த வண்டி!

பிள்ளை பயப்படாமல் தொட முடிகிற ரெயில்தான் பிள்ளைக்கு ஏற்ற ரெயில். சில நூறு ரூபாய்க்கும் அது கிடைக்கும்.

கடையில் தாத்தா அந்த பெரிய பெட்டியை கையில் எடுக்கிறார். இந்த தடவை படத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை திருப்புகிறார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்ன எழுத்தை படிக்கிறார்.

"இது வேணாம் தம்பி. அந்த சின்ன பெட்டியை எடுங்க. பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கா பாருங்க."