அனிமேஷன் படிக்க லட்சம் கட்டும் முன்பு பென்சிலை எடுங்க! 'ஸ்டோரி போர்டு' கலை: கற்பது எப்படி?

தர்மபுரி:-

பிளஸ்-2 ரிசல்ட் வந்து விட்டால் தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பகுதி பெற்றோருக்கு ஒரே கவலை. பிள்ளையை எதில் சேர்ப்பது? நோட்டு முழுக்க படம் வரைந்து தள்ளும் பிள்ளை உள்ள வீட்டில் இந்த கவலை ரெட்டிப்பு.

"அனிமேஷன் படிச்சா நல்ல சம்பளமாம்" என்று யாராவது சொன்னால் போதும். நகையை அடகு வைத்தாவது தனியார் சென்டரில் பணம் கட்ட சில குடும்பங்கள் தயாராகி விடுகின்றன.

ஆனால் அனிமேஷன் என்பது கம்ப்யூட்டர் வேலை மட்டும் அல்ல. கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்பே முக்கியமான வேலை பேப்பரில் முடிந்து விடுகிறது. அதற்கு பெயர்தான் ஸ்டோரி போர்டு, விஷுவல் டெவலப்மெண்ட். இதுபற்றிய விவரம் வருமாறு:-

கட்டம் கட்டமாக கதை

கதையை எழுத்தில் படித்தால் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு காட்சி ஓடும். அதை எல்லோர் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரிய வைப்பதுதான் ஸ்டோரி போர்டு.

வாரப்பத்திரிகை படக்கதை போலவே கட்டம் கட்டமாக வரைவார்கள். ஆள் தூரத்தில் நிற்கிறாரா, முகம் மட்டும் தெரிகிறதா, கேமரா எந்த பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் படத்திலேயே இருக்கும். நகர்வை காட்ட அம்புக்குறி போடுவார்கள். கட்டத்துக்கு கீழே வசனமும் சத்தமும் குறிப்பாக எழுதப்படும்.

பிறகு இந்த படங்களை வரிசையாக ஓட விட்டு, தற்காலிக குரல் சேர்த்து பார்ப்பார்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். காட்சி இழுக்கிறதா, அவசரமாக ஓடுகிறதா என்பது இதில் தெரிந்து விடும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள். 10 வினாடி காட்சிக்கு 240 படங்கள். பேப்பரில் தப்பு வந்தால் ரப்பர் வைத்து அழித்து விடலாம். எல்லாம் முடிந்த பிறகு தப்பு வந்தால் பல பேர் பல நாள் பார்த்த வேலை வீண்.

டிஸ்னி முதல் சத்யஜித்ரே வரை

இந்த முறை 1930-களில் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில் உருவானது. தனித்தனி தாளில் வரைந்து பெரிய போர்டில் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். சரியில்லாத தாளை பிடுங்கி விட்டு வேறு தாள் குத்துவார்கள். பெயர் வந்த கதை இதுதான்.

நம் நாட்டில் சத்யஜித்ரே இதற்கு நல்ல உதாரணம். விளம்பர கம்பெனியில் ஓவியராக இருந்தவர் அவர். 1955-ல் வெளியான 'பதேர் பாஞ்சாலி' படத்தின் காட்சிகளை முன்கூட்டியே நோட்டில் வரைந்து வைத்திருந்தார். கதை சொல்ல போன இடங்களில் அந்த படங்களைத்தான் காட்டினார்.

விஷுவல் டெவலப்மெண்ட்

ஸ்டோரி போர்டு 'என்ன நடக்கிறது' என்று சொல்லும். விஷுவல் டெவலப்மெண்ட் 'எப்படி இருக்கும்' என்று சொல்லும்.

கதாநாயகன் குண்டா, ஒல்லியா? அவன் வீடு ஓட்டு வீடா, மாடி வீடா? சோக காட்சியில் என்ன கலர்? இதையெல்லாம் முதலிலேயே வரைந்து முடிவு செய்வதுதான் இந்த வேலை. ஒரே ஆளை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று திருப்பி திருப்பி வரைய வேண்டும். சிரிப்பு, கோபம், பயம் என முகபாவங்களுக்கு தனி தாள் உண்டு.

டிஸ்னியின் 'சிண்ட்ரெல்லா' (1950), 'பீட்டர் பான்' (1953) படங்களுக்கு மேரி பிளேர் என்ற பெண் ஓவியர் போட்ட கலர் படங்களை இன்றைக்கும் மாணவர்கள் பார்த்து படிக்கிறார்கள்.

நம்ம ஊர் கல்லிலேயே இருக்கு!

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைத்தால் தப்பு. தர்மபுரி மாவட்டம் நடுகற்களுக்கு பேர் போன மாவட்டம். பல நடுகற்களில் 3 அடுக்கு சிற்பங்கள் உண்டு. கீழ் அடுக்கில் வீரன் சண்டை போடுகிறான். நடு அடுக்கில் தேவ மங்கையர் அவனை மேலே அழைத்து போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் மேல் உலகம் சேர்ந்து விட்டான். எழுத்து படிக்க தெரியாதவருக்கும் கதை புரியும். ஸ்டோரி போர்டின் இலக்கணமும் இதுதான்.

அதியமான்கோட்டை சென்றாய பெருமாள் கோவில் மண்டபத்தின் மேல்கூரையிலும் ராமாயண, மகாபாரத காட்சிகள் ஓவியமாக உள்ளன. படம் வரையும் பிள்ளைகளை டூர் கூட்டி போக வேண்டிய இடம் இது.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதை ஊரறிந்தது. அதை 6 கட்டத்தில் வசனமே இல்லாமல் வரைய சொல்லுங்கள்.

1. மலை உச்சியில் நெல்லி மரம், தூரத்தில் சின்னதாக அதியமான்.

2. பாறையை பிடித்து ஏறும் கை.

3. கையில் ஒரே ஒரு கனி. அதையே பார்க்கும் முகம்.

4. அரண்மனை வாசலில் ஔவையார்.

5. கனியை நீட்டும் கை, வாங்கும் கை.

6. விஷயம் தெரிந்ததும் ஔவையாரின் முகம்.

கதை தெரியாத பக்கத்து வீட்டு குழந்தையிடம் இதை காட்ட வேண்டும். குழந்தைக்கு புரிந்தால் பாஸ். 3-வது கட்டத்தில் அதியமான் யோசிப்பது தெரியவில்லை என்றால் அந்த கட்டத்தை மட்டும் மாற்றி வரையலாம். படம் அழகாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். கதை புரிகிறதா என்பதே முதல் கேள்வி.

தினமும் பஸ் ஸ்டாண்டு, சந்தை, டீக்கடையில் ஆட்கள் நிற்பதையும் நடப்பதையும் 2 நிமிடத்தில் கிறுக்கி பழகினால் கை ஓடும். அரசு தேர்வுத்துறை நடத்தும் ஓவிய தேர்வில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு அடித்தளம் ஏற்கனவே உண்டு.

கம்ப்யூட்டர் கிடைத்தால் கிருதா, பிளெண்டர் ஆகிய இலவச சாப்ட்வேர்கள் போதும். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கிய 'ப்ளோ' படம் பிளெண்டரில் செய்யப்பட்டதுதான்.

எங்கே படிக்கலாம்?

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சி பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எபெக்ட்ஸ் பட்டப்படிப்பு உள்ளது. 4 ஆண்டு படிப்பு இது. பிளஸ்-2 முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.

ஓவியம் முறையாக கற்க சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னை கல்லூரி 1850-ல் தொடங்கியது. ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் அனிமேஷன் படிப்பு உண்டு. அதற்கு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

பணம் கட்டும் முன்பு கேளுங்க

தனியார் சென்டரில் சேர்வதாக இருந்தால் பெற்றோர் 4 கேள்வி கேட்க வேண்டும். முன்பு படித்தவர்கள் வரைந்த ஸ்டோரி போர்டை காட்ட முடியுமா? ஓவியத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் வகுப்பு? சர்டிபிகேட் கொடுப்பது எந்த பல்கலைக்கழகம்? பாதியில் நின்றால் பணம் திரும்ப கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது.

சாப்ட்வேர் மட்டும் சொல்லித் தரும் இடம் என்றால் யோசிக்க வேண்டியதுதான். சாப்ட்வேர் மாறிக்கொண்டே இருக்கும். கதையை படமாக யோசிக்கும் பழக்கம் மாறாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த தொழிலில் வேலை நிரந்தரம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்தில் உள்ள பெங்களூரில் பெரிய அளவில் இயங்கிய டெக்னிகலர் நிறுவனம் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. ஏராளமானோர் வேலை இழந்தனர். கேட்டதும் படம் போட்டு தரும் ஏ.ஐ. சாப்ட்வேர்களும் வந்து விட்டன. பிளக்ஸ் மிஷின் வந்தபோது போர்டு எழுதும் ஓவியர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

எனவே, ஆசைப்படும் பிள்ளையை தடுக்கவும் வேண்டாம், அவசரப்பட்டு கடன் வாங்கவும் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி கொடுத்து 6 மாதம் பாருங்கள். வாரம் ஒரு கதை என்று வரைந்தால் 6 மாதத்தில் 25 கதைகள் சேரும். நேர்முக தேர்விலும் வேலை கேட்டு போகும் இடத்திலும் முதலில் புரட்டி பார்ப்பது வரைந்த படங்களைத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.