மூச்சைப் பிடிங்க... பெருந்தமனி நடிக்கிறது!

பாக்கெட்டில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். சாவிக்கொத்து, செல்போன், ஏ.டி.எம். கார்டு, ஹேர்பின், பெல்ட், எதுவும் கூடாது. நாம் எட்டிப் பார்க்கப் போகும் அறையில் ஒரு காந்தம் இருக்கிறது. அதற்கு ராத்திரி, ஞாயிறு, பண்டிகை எதற்கும் லீவு கிடையாது. 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு! ‘மெஷின்தான் ஓடவில்லையே’ என்று கத்தரிக்கோலும் கையுமாக நுழைந்தால், கத்தரிக்கோல் உங்களை முந்திக்கொண்டு பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும்.

ஆச்சா? இனி எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகலாம். இன்றைய கதாநாயகி பெருந்தமனி. இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்பி, சற்று மேலே ஏறி, வளைந்து திரும்பி, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்கும் ரத்தக்குழாய். உடம்பிலேயே பெரியது. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை, முறைக்கு 70 மில்லி கணக்கில், இதயம் வீசும் ரத்தத்தை முதலில் வாங்கிக்கொள்வது இவள்தான்.

வயதாக ஆக இவளுக்குள் அழுத்தம் என்ன பாடுபடுகிறது? ஆராய்ச்சியாளர்களின் கேள்வி இது. வேடிக்கை என்னவென்றால், கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அந்த மெஷினால் அழுத்தத்தைப் பார்க்கவே முடியாது! அகலத்தைப் பார்க்கும், வேகத்தைப் பார்க்கும், வளைவு நெளிவை எல்லாம் பார்க்கும். அழுத்தத்தை மட்டும் பார்க்காது. பார்க்க முடியாததை எப்படிக் கறக்கிறார்கள் என்பதுதான் திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்து.

குதிரை, வாத்து, தீயணைப்பு பம்பு

ரத்த அழுத்தத்தை முதலில் நேருக்கு நேர் அளந்தவர் டாக்டர் இல்லை, ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் டெடிங்டனில் இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையைக் கட்டிப்போட்டு, அதன் தமனிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது! குதிரை துள்ளினால் கண்ணாடி உடையுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு சோதனையில் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் வளைந்துகொடுக்க அவர் பொருத்தியது வாத்தின் மூச்சுக்குழாய்!

1733இல் வெளியிட்ட நூலில் அவர் இன்னொன்றும் எழுதினார். அந்தக் காலத்துத் தீயணைப்பு பம்பில் காற்று அடைத்த கூடு ஒன்று உண்டு. ஆட்கள் விட்டு விட்டு அடித்தாலும் தண்ணீர் விடாமல் பாயும்படி பார்த்துக்கொள்வது அந்தக் கூடுதான். தமனிகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன என்றார் ஹேல்ஸ். 1899இல் ஜெர்மன் உடலியலாளர் ஓட்டோ ஃப்ராங்க் அதைக் கணிதமாக எழுதிக் காட்டினார்.

அதாவது பெருந்தமனி வெறும் குழாய் அல்ல. இதயம் ரத்தத்தை வீசும்போது விரிந்து, ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி, பிடித்துவைத்ததை முன்னால் தள்ளுகிறது. இந்த விரிதல், சுருங்குதல் இரண்டுக்கும் காரணம் எலாஸ்டின் என்ற புரதம். இதைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உடம்பு தயாரித்து முடித்துவிடுகிறது. அப்புறம் புது சரக்கு வருவது அபூர்வம். 60 வயதுக்குள் இதயம் 200 கோடி முறைக்கு மேல் துடித்திருக்கும். அத்தனை முறை இழுபட்டால் பழைய பைஜாமாவின் எலாஸ்டிக் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். இழைகள் நைந்து அறுந்து, பாரம் முழுவதும் கொலாஜன் என்ற விறைப்பான புரதத்தின் தலையில் விழுகிறது. குழாய் அகலமாகிறது, நீளுகிறது, விறைக்கிறது.

விரிந்து தாங்க ஆளில்லாததால் பி.பி.யின் மேல் எண் ஏறுகிறது. சுருங்கித் தள்ள ஆளில்லாததால், 50, 60 வயதுக்குப் பிறகு கீழ் எண் இறங்குகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 1997இல் இந்தக் கத்தரிக்கோல் வடிவ வரைபடத்தைத் தெளிவாகக் காட்டியது. ‘கீழ் எண் குறைவது நல்லதுதானே?’ என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இதயம் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அழுத்தம் விழுந்தால் நஷ்டம் இதயத்துக்கே.

ஸ்டிக்கர் சொல்லும் பொய்

இப்போது மேஜையில் ஒருவர் படுத்திருக்கிறார். காதில் பஞ்சு, அதன் மேல் ஹெட்போன். உள்ளே தடதடவென்று ரோடு போடும் சத்தம் கேட்கும். மார்பில் இ.சி.ஜி. ஸ்டிக்கர்கள். இதயம் சுருங்கத் தொடங்கும்போது இ.சி.ஜி.யில் ‘ஆர்’ என்ற கூர்முனை எழும். மெஷினுக்கு அதுதான் ‘ஸ்டார்ட், கேமரா, ஆக்‌ஷன்’.

இங்கே ஒரு குறும்பு நடக்கிறது. அறைக்கு வெளியே ஒழுங்காக இருந்த இ.சி.ஜி., ஆளைக் காந்தத்துக்குள் தள்ளியதும் கோணலாகிவிடும். ‘டி’ என்ற அடக்கமான அலை திடீரென்று பூதமாக வீங்கி நிற்கும். அவருக்கு நெஞ்சுவலியா? ஒன்றுமில்லை. ரத்தம் மின்சாரம் கடத்தும் திரவம். அது பலமான காந்தப்புலத்துக்குக் குறுக்கே பாய்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். அதில் பெரும்பங்கு பெருந்தமனியில் பாயும் ரத்தத்துடையது. கதாநாயகி தன் வருகையை இ.சி.ஜி.யிலேயே கையெழுத்துப் போட்டு அறிவிக்கிறாள்! மெஷின் ஏமாந்துபோய் ‘டி’யை ‘ஆர்’ என்று எடுத்துக்கொண்டால் படம் மொத்தமும் குழம்பிவிடும். டெக்னீஷியன் ஸ்டிக்கரை இடம் மாற்றி ஒட்டுவார். மின்துடிப்பின் உயரத்தை மட்டுமல்லாமல் திசையையும் பார்த்து ஆள் அடையாளம் காணும் மென்பொருளும் இப்போது கைகொடுக்கிறது.

‘மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க!’ பத்துப் பதினைந்து விநாடி. திரையில் வெள்ளை வட்டம் ஒன்று துடிக்கிறது: பெருந்தமனியின் குறுக்குவெட்டு. ஒரு ரகசியம் சொல்லட்டுமா? நாம் பார்ப்பது ஒரே துடிப்பின் படம் அல்ல. மூச்சை நிறுத்திய நேரத்தில் நடந்த பல துடிப்புகளில் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டிய படம். சினிமாக்காரர்கள் தோற்றார்கள்!

வட்டத்தைக் கணக்காக்கும் வித்தை

வட்டம் மிகச் சுருங்கியபோது ஒரு கோடு, மிக விரிந்தபோது ஒரு கோடு. உதாரணத்துக்கு, ஓர் இளைஞருக்கு 6 சதுர செ.மீ. வட்டம் 7.2 ஆகிறது என்று வைப்போம். 20 சதவீத விரிவு. பி.பி.யின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 40. ஒரு முதியவருக்கு 9 சதுர செ.மீ. 9.54 ஆகிறது, 6 சதவீதம்தான். இடைவெளியோ 60. விரிவை இடைவெளியால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளி அழுத்தத்துக்கும் இளைஞரின் தமனி விரிவதில் ஐந்தில் ஒரு பங்குதான் முதியவருடையது விரிகிறது. தமனி எவ்வளவு இளகிக்கொடுக்கிறது என்பதற்கு இதுதான் அளவு.

அந்த 40, 60 எங்கிருந்து வந்தது? கையில் கட்டிய பட்டையிலிருந்து! ஆமாம், தெருமுனை கிளினிக்கில் கட்டும் அதே ரகம்; காந்தம் இழுக்காதபடி செய்தது, அவ்வளவே. இதிலும் ஒரு சிக்கல். இளைஞர்களுக்குக் கையில் காட்டும் மேல் எண், பெருந்தமனிக்குள் இருப்பதைவிட 10 புள்ளிக்கு மேல் கூடக் கூடுதலாக இருக்கலாம். வயதாக ஆக அந்த வித்தியாசம் குறையும். ஆகவே கையில் பிடித்த நாடித்துடிப்பின் வடிவத்தை வைத்து உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கணிக்கிறார்கள்.

இரண்டாவது வித்தை, ஓட்டப்பந்தயம். ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் அழுத்த அலை பெருந்தமனியில் ஓடும். இது ரத்தம் பாயும் வேகமல்ல. அதைவிடப் பல மடங்கு வேகமானது. இளமையில் விநாடிக்கு 4, 5 மீட்டர். விறைத்துப்போன முதிய தமனியில் 10 மீட்டரைத் தாண்டும். அலையின் வேகத்துக்கும் தமனியின் இளக்கத்துக்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்கள் பிராம்வெல்லும் ஏ.வி. ஹில்லும் 1922லேயே சமன்பாடாக எழுதிவைத்துவிட்டார்கள். பெருந்தமனி வளைவின் ஏறும் பக்கத்திலும் இறங்கும் பக்கத்திலும் ரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ.யில் பிடித்து, அலை எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும்.

கேட்கச் சுலபம். அந்த வளைவு சுமார் 12 செ.மீ. நீளம் என்றால், இளைஞரின் அலை அதைக் கடக்க 30 மில்லிவிநாடி. முதியவரின் அலைக்கு 12. மெஷின் 10 மில்லிவிநாடிக்கு ஒரு படம் எடுத்தால், தாத்தாவின் அலை ஏறக்குறைய ஒரு பட இடைவெளியிலேயே ஓடி முடிந்துவிடும்! வயதானவர்களைத்தான் முக்கியமாக அளக்க வேண்டும். அவர்களை அளப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது, கண்ணுக்கு விருந்து: 4டி ஃப்ளோ. ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை படுத்திருந்தால், ரத்தம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒவ்வொரு புள்ளியிலும் தெரியும். வேகத்துக்குச் சிவப்பு, மெதுவுக்கு நீலம் என்று வண்ணம் கொடுத்ததும், ரத்தம் நேர்கோட்டில் போகாமல் வளைவில் முறுக்கிக்கொண்டு திரும்புவது தெரிகிறது. ‘அதிகபட்சம் இவ்வளவு வேகம்’ என்று டெக்னீஷியன் முன்கூட்டியே எல்லை சொல்ல வேண்டும். குறைவாகச் சொல்லிவிட்டால் கூத்து: மிக வேகமாகப் பாயும் ரத்தம் பின்னோக்கி ஓடுவதாக மெஷின் காட்டும்! இந்த வேகங்களைத் திரவ இயக்கச் சமன்பாடுகளில் போட்டால் இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியும். முழு எண் வேண்டுமா? திரும்பவும் கைப்பட்டையைத்தான் கேட்க வேண்டும்.

லண்டனில் ஓடிய 138 பேர்

இத்தனை பாடுபட்டு என்ன தெரிந்தது? யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனையும் பார்ட்ஸ் ஹார்ட் சென்டரையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 2016, 2017 லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடத் துணிந்தவர்களைப் பிடித்தார்கள். ஓட்டத்தில் பழக்கமில்லாத, ஆரோக்கியமான 138 பேர். வயது 21 முதல் 69 வரை. பயிற்சிக்கு முன் ஒரு ஸ்கேன், 42 கி.மீ. ஓடி முடித்த சில வாரத்துக்குள் ஒரு ஸ்கேன். நடுவில் வாரத்துக்கு மூன்று ஓட்டம் என்ற கணக்கில் புதியவர்களுக்கான பயிற்சி.

2020 ஜனவரியில் முடிவு வெளியானது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் மூன்று நான்கு புள்ளி இறங்கியிருந்தன. இறங்கு பெருந்தமனி இளகியிருந்தது. அதன் ‘வயது’ ஏறக்குறைய நான்கு ஆண்டு குறைந்திருந்தது! யாருக்கு அதிக லாபம்? கோப்பை தூக்கும் வேகக்காரர்களுக்கு அல்ல. வயதானவர்களுக்கும், பி.பி. சற்றே தூக்கலாக இருந்தவர்களுக்கும், மெதுவாக ஓடி முடித்தவர்களுக்கும். கடைசி வரிசையில் மூச்சிரைத்தவர்களே, கைதட்டல் உங்களுக்கு!

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதி, ஓட்டத்தால் மாறவே இல்லை. அலையின் வேகமும் அப்படியே இருந்தது. அதிகம் இழுபடும் அந்த முதல் சில அங்குலம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்பது அடுத்த ஆட்டம்.

அதற்கு மைதானம் ஏற்கெனவே தயார். பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வு, ஸ்டாக்போர்ட் பக்கம் 2014இல் ஸ்கேன் எடுக்கத் தொடங்கி, 2025இல் ஒரு லட்சம் பேரை எட்டியது. இதயம், மூளையோடு துடிக்கும் பெருந்தமனிப் படமும் அதில் உண்டு. இத்தனை வட்டத்துக்கும் கையால் கோடு போட்டால் ஓர் ஆயுள் போதாது. கோடு போடக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அதைவிட முக்கியமான காரியம் இப்போது நடக்கிறது. இதுவரை பெரும்பாலான ஆய்வுகள் செய்தது என்ன? 30 வயதுக்காரரையும் 70 வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, நடுவில் உள்ள 40 ஆண்டுகளை ஊகித்தன. இப்போது பயோபேங்க் ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தவர்களில் 60,000 பேர் வரை மறுபடி கூப்பிடுகிறது. அதே ஆள், அதே தமனி, சில ஆண்டுகள் தள்ளி. தங்களுக்கு வயதாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க மறுபடி மூச்சைப் பிடிக்கச் சம்மதித்து வருகிறார்கள், இந்த முறை சாவிக்கொத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு.