ஆலமரத்தடியில் ஒரு நாள் போதுமா?

கல்வியாண்டு முடிய இன்னும் சில வாரங்கள்தான். அதற்குள் புத்தகப் பையின்றிக் கற்கும் பத்துப் ‘பையில்லா நாட்களை’ முடித்துவிட வேண்டும் என்று ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒப்புதல் படிவங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கூடவே நமக்குக் கடிதங்களும். சந்தையைக் காட்டப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒருவர் கேட்கிறார். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவர். ஆனால் இந்தப் பத்து நாளில் பிள்ளைக்கு உண்மையில் என்ன வந்து சேரும் என்பதை யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பத்து நாள் என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்ன கணக்கு. அதற்கான வழிகாட்டியை என்சிஇஆர்டியின் கீழ் போபாலில் இயங்கும் தொழிற்கல்வி நிறுவனம் தயாரித்தது. ஒன்றிய அரசு 2024 ஜூலையில் வெளியிட்டது. காய்கறிச் சந்தை, பட்டம் செய்து பறக்கவிடுதல், சாண எரிவாயுக் கலன், சூரிய மின் பூங்கா என்று நீளும் பட்டியலில் ஆலமரத்தடியில் உட்காருவதும் ஒன்று. கடிதம் எழுதியவர்கள் அதிகம் கேலி செய்திருப்பது இதைத்தான். என் கணிப்பில் அந்தப் பட்டியலிலேயே சிறந்தது இதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இவற்றால் ‘வாழ்க்கைத் திறன்’ வளரும் என்ற வாக்குறுதியை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் நிலையை உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் உள்ளிட்ட, உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்துத் திறன்களும் இன்று எந்த நிகழ்ச்சியின் மீதும் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டுகளாகிவிட்டன. இது புதிதல்ல. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டபோது, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்தது இன்னொரு பாடப்புத்தகம்தான்.

வெளியில் கழிக்கும் நேரம் திறனாக மாற ஒரு நிபந்தனை உண்டு. முடிவைப் பிள்ளை எடுக்க வேண்டும். அதன் விளைவும் உடனே பிள்ளைக்கே தெரிய வேண்டும். முருங்கைக் கிளையில் கால் வைத்தால் மளுக்கென்று முறியும், புளியங்கிளை தாங்கும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் அது ஒரு தகவல். கிளையை அழுத்திப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, காலைப் பின்னால் எடுத்த பிள்ளைக்கோ அது முடிவெடுக்கும் பயிற்சி. ஆசிரியர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கிளை சொன்ன பதிலோடு வாதாட முடியாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு வாய்க்காலைத் தாண்டக் கல் போடும்போதும் இதேதான் நடக்கிறது. யார் சொன்ன இடம் சரி என்பதைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். தோற்ற யோசனையைச் சொன்னவரை அடுத்த கல்லுக்கும் கூட்டாளியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே கற்க வேண்டியிருக்கிறது. நார்வே ஆய்வாளர் எல்லன் சான்சீட்டர், துணிவு வேண்டும் விளையாட்டுகளை 2007இல் ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவி, நீர் நெருப்பின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் மறைதல். மரமேறுவது, சடுகுடு, கண்ணாமூச்சி எல்லாம் இதற்குள் வந்துவிடும். பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு இந்த ஆறில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

இன்னொரு நிபந்தனை, திரும்பத் திரும்பப் போவது. டென்மார்க்கின் காட்டு மழலையர் பள்ளிகளை 1993இல் பார்த்துவந்த பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர்கள் இங்கிலாந்தில் விதைத்த ‘காட்டுப் பள்ளி’ முறையில், ஒருமுறை போய்வருவது கணக்கிலேயே வராது. இடைவிடாமல், நீண்ட காலம் போக வேண்டும். முதல் நாள் பிள்ளை ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கும். ஐந்தாம் முறை வரும்போது மழைக்குப் பின் எந்த வேர் வழுக்கும், எந்தக் கிளையில் முசுறு கூடு கட்டியிருக்கிறது என்று அதுவே புதியவனுக்குச் சொல்லும். நம் வழிகாட்டியோ, பத்து நாளை எத்தனை தவணையாகவும் பிரிக்கலாம், இரண்டு மூன்று தவணை நல்லது என்கிறது. தவணைக்கு ஓர் ஊர் என்று பேருந்து பிடிக்க இந்த நெகிழ்வு போதும். பத்து முறையும் ஒரே இடத்துக்குப் போகவும் இதே நெகிழ்வு இடம் தருகிறது. ஆலமரத்தைச் சிறந்தது என்றது அதனால்தான். நடந்தே போகலாம், செலவில்லை, அடுத்த வாரமும் அது அங்கேயே இருக்கும்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. கனடா குழந்தைநல மருத்துவர் சங்கம் 2024இல் துணிவு விளையாட்டை ஆதரித்தபோது இதற்கு ஒரு கோடு கிழித்தது. பிள்ளை தானே கண்டு எடைபோடக்கூடிய சவால் வேறு, அதன் கண்ணுக்கும் அறிவுக்கும் எட்டாத ஆபத்து வேறு. தாழ்ந்த கிளை முதல் வகை. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, ஆழம் தெரியாத ஏரி, அறுந்து கிடக்கும் மின்கம்பி இரண்டாவது வகை. இரண்டாவதை முன்கூட்டியே போய்ப் பார்த்து அகற்றுவது பெரியவர்களின் வேலை. முதலாவதைப் பறிக்க அதைச் சாக்காக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் வரும் ‘எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்ற வரி இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை, பொறுப்பை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே என்ன ஆபத்து, என்ன பயன், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்று எழுதிய தாளைக் கேளுங்கள்.

வயல்காட்டில் வளரும் பிள்ளைக்கு இது எதற்கு என்பவர்களுக்கு: அந்தப் பிள்ளையே அன்று முன்னால் நடக்கட்டும், பள்ளி மதிக்காத அறிவு அதனிடம் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு? தேசியக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, எனவே இந்தப் பத்து நாள் அவற்றைக் கட்டுப்படுத்தாது. வெயில்? காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். நடக்க இயலாத பிள்ளை? அந்தப் பிள்ளை போகக்கூடிய இடத்தையே எல்லோருக்கும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால்? சந்தைக்கும் மரத்தடிக்கும் அவ்வளவு ஆகாது, கணக்குக் கேளுங்கள். கையெழுத்துப் போடலாமா? போடுங்கள், அதற்கு முன் அதே இடத்துக்கு இன்னும் எத்தனை முறை போவார்கள், அங்கே என் பிள்ளை எதைத் தானே முடிவு செய்யும் என்ற இரண்டு கேள்விகளைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள்.