பழைய குரூசர் பைக்கின் ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

கொல்கத்தாவின் காளிகாட் சந்துகளில் பல மழைக்காலம் பார்த்த தண்டர்பேர்டு பைக்கில், புது பல்பு போட்டாலும் வெளிச்சம் மஞ்சளாகவே அழுது வடிகிறதா? பல்பைத் திட்டாதீர்கள். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் மெல்லிய ஒயர், தேய்ந்த சுவிட்ச், பச்சை பூத்த கனெக்டர் எல்லாம் தாண்டித்தான் வந்து சேர்கிறது. 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.3 ஓம் தடை இருந்தால் 1.4 வோல்ட் போச்சு. ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

மருந்து, ரிலே. சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். பல்புக்கான மின்சாரம் தடித்த ஒயரில் பேட்டரியிலிருந்து ரிலே வழியே நேராகப் போகும். பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் கட்டாயம். உதிரிபாகம் வாங்க மல்லிக் பஜாருக்குப் போனால், பளபள சைலன்சருக்கு முன் இந்த ரிலேயை வாங்குங்கள்.