கணனியிலிருந்து குறுஞ்செய்தி: எழுபது இடத்துக்குள் ஒரு ஜனாஸா அறிவித்தல்

எங்கள் மஹல்லாவில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலை, ஸுபஹுக்குப் பின் அரை மணித்தியாலத்துக்குள் அவருக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. எடுத்தவர்கள் அவருடைய குரலைக் கேட்டதும் பேச்சில்லாமல் திகைத்தார்கள். சிலர் அழவே தொடங்கிவிட்டார்கள். கடைசியில் அவர் என்னைத் தேடிப் பள்ளிவாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, என்ட பேரப் போட்டு மெசேஜ் அனுப்பி இருக்கீங்களாம். நான் மௌத்தாப் போயிட்டன் எண்டு ஊரெல்லாம் கோல் எடுக்குது!"

வபாத்தானவர் அவருடைய மாமியார். பள்ளிவாசலின் கணனியிலிருந்து 480 வீடுகளுக்கும் அறிவித்தலை அனுப்பியவன் நான். தமிழில், முறைப்படி, நன்றாகத்தான் எழுதியிருந்தேன். "ஜனாஸா அறிவித்தல்" என்ற தலைப்பு, பிறகு "ஓய்வுபெற்ற அதிபர் இன்னார் அவர்களின் மாமியாரும்" என்று தொடங்கி, உறவுகள் எல்லாம் முடிந்த பிறகு மர்ஹூமாவின் பெயர், வபாத்தானார் என்ற வினை, நல்லடக்க நேரம். அது மூன்று துண்டாக உடைந்து போனது. முதல் துண்டு அதிபரின் பெயரோடு முடிந்துவிட்டது. இரண்டாம் துண்டு கிடைக்கும் முன்பே ஆட்கள் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள்.

அது ஏன் உடைந்தது, ஏன் அந்த இடத்தில் உடைந்தது என்று தேடப்போய்த்தான் குறுஞ்செய்தி என்கிற இந்தச் சின்னப் பொருளைப் பற்றி நான் கொஞ்சம் படித்தேன். பள்ளிவாசல், மத்ரஸா, ஸகாத் குழு, மரண உதவிச் சங்கம் என்று இதே வேலையைச் செய்கிறவர்கள் நம்மிடையே அநேகம் பேர். அவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

"இப்பதான் வாட்ஸ்அப் இருக்கே, ஏன் எஸ்.எம்.எஸ்.?" என்று கேட்பார்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வன்செயல்களின்போது முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் தடை செய்யப்பட்டன. 2019 ஏப்ரலிலும் அப்படித்தான். அந்த நாட்களிலும் மௌத்துகள் நிகழ்ந்தன. ஜமாஅத்துக்குச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. குறுஞ்செய்திக்கு இணையம் தேவையில்லை. அழைப்பை ஏற்படுத்துவதற்கும் தொலைபேசியை அடையாளம் காண்பதற்கும் வலையமைப்பு வைத்திருக்கும் சமிக்ஞைப் பாதையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு போகிற சிறு பொதி அது. பட்டன் போன் வைத்திருக்கும் மூத்தம்மாவுக்கும் போய்ச் சேரும்.

கணனியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவது ஏதோ பிற்காலத்துப் புதுமை என்று நான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. உலகின் முதல் குறுஞ்செய்தியே கணனியிலிருந்துதான் போனது. 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியியலாளர் தன் கணனியில் நத்தார் வாழ்த்து ஒன்றைத் தட்டி, வோடபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸின் கைத்தொலைபேசிக்கு அனுப்பினார். ஜார்விஸால் பதில் அனுப்ப முடியவில்லை. அவர் கையிலிருந்த தொலைபேசியில் எழுத்துக்களைத் தட்டி அனுப்பும் வசதியே இருக்கவில்லை.

இனி நம்முடைய சிக்கலுக்கு வருவோம். குறுஞ்செய்தி ஒன்றின் பொதி 140 பைட். அதற்கு மேல் ஒன்றும் ஏற்ற முடியாது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் வீதம் 1,120 பிட். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஏழு பிட் போதும் என்று வகுத்தார்கள். ஆகவே 160 எழுத்து. இந்த 160ஐத் தீர்மானித்ததில் பங்குள்ளவர் ஜேர்மனியரான பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட். 1985 அளவில் அவர் தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தாராம். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. அவர் அடித்தது தமிழ் வாக்கியங்களை அல்லவே!

தமிழோ அரபோ சிங்களமோ அந்த ஏழு பிட் அட்டவணையில் இல்லை. அவற்றுக்கு யுனிகோட் வேண்டும். அதில் ஒரு குறிக்கு 16 பிட். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம் என்ற கணக்கு இதுதான்.

எழுபது எழுத்தா என்றால் அதுவும் இல்லை. எழுபது இடம். புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம். "பள்ளிவாசல்" என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணனிக்கு அது பத்து. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று எழுதினால் 18 இடம் முடிந்தது. இன்னாலில்லாஹி எனத் தொடங்கும் வாசகத்தைத் தமிழெழுத்தில் முழுதாக எழுதினால் 30க்கு மேல் போகும். ஸலாமும் சொல்லி அதையும் சொல்லி முடிக்கும்போது மௌத்தானவரின் பெயருக்கு 20க்கும் குறைவான இடம்தான் மிஞ்சும்.

எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை மறுபுறம் ஒட்டுவதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் "இது மூன்றில் முதலாவது" என்பது போன்ற குறிப்பொன்று வைக்கப்படும். அதற்கு ஆறு பைட் போகும். ஆகவே துண்டொன்றுக்கு 67 இடம். ஆங்கிலமானால் 153. இந்தக் குறிப்பு ஒழுங்காக இருந்தால் பெறுகிற தொலைபேசி எல்லாத் துண்டும் வரும்வரை காத்திருந்து ஒன்றாகக் காட்டும். அன்று நான் பாவித்த சிறு மென்பொருள் அந்தக் குறிப்பைச் சேர்க்காமல் வெறுமனே வெட்டி அனுப்பியிருந்தது. துண்டுகள் தனித்தனிச் செய்திகளாகப் போயின. அனுப்பிய ஒழுங்கில்தான் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. செய்தி நேராக ஆளிடம் போவதில்லை. வலையமைப்பின் செய்தி நிலையத்தில் முதலில் இறங்கி, பெறுபவரின் தொலைபேசி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துப் பிறகுதான் போகிறது. அணைந்திருந்தால் அங்கேயே காத்துக் கிடக்கும்.

கணனியிலிருந்து அனுப்பும் வழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிக இலகுவானது உங்கள் கைத்தொலைபேசியையே கணனியோடு இணைப்பது. கூகிளின் மெசேஜஸ் செயலிக்கு 2018இலிருந்து இந்த வசதி உண்டு. கணனித் திரையில் தோன்றும் சதுரக் குறியைத் தொலைபேசிக் கமராவால் காட்டினால் போதும், உங்கள் செய்திகளெல்லாம் பெரிய திரைக்கு வந்துவிடும். வின்டோஸிலும் ஃபோன் லிங்க் என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது. உண்மையில் அனுப்புவது தொலைபேசிதான், கணனி அதற்கு ஒரு விசைப்பலகை. கண் மங்கியவர்களுக்கும் தமிழைத் தட்டச்சில் பழகியவர்களுக்கும் இது பெரிய நிஃமத். ஊருக்கே அறிவிக்க இது சரிவராது.

இரண்டாவது, சிம் போட்ட டொங்கிள். இணையத்துக்கென்று வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவைத்த பழைய டொங்கிள் பல வீடுகளில் கிடக்கும். பெரும்பாலானவற்றால் குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் முடியும். ஏடி கட்டளைகள் என்ற பழைய மொழியில் கணனி அதனோடு பேசும். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் மோடத்துக்கு உருவாக்கிய அந்த மொழியைத்தான் இன்றைய டொங்கிளும் புரிந்துகொள்கிறது. கமு என்ற இலவச மென்பொருள் இந்தக் கட்டளைகளை நமக்காகச் செய்துதரும். துண்டுகளின் தலைக்குறிப்பையும் ஒழுங்காகச் சேர்க்கும். ஆனால் டொங்கிள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்பும். ஒன்றுக்கு நாலு வினாடி என்று வைத்தாலும் 480 வீட்டுக்கு மூன்று துண்டு வீதம் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். லுஹருக்கு அடக்கம் என்ற செய்தி லுஹருக்குப் பிறகு கிடைத்த வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு. ஒரே சிம்மிலிருந்து நூற்றுக்கணக்கில் போனால் வலையமைப்பு அதைக் குப்பைச் செய்தி என்று சந்தேகித்து நிறுத்திவிடவும் கூடும்.

டொங்கிளில் நான் விட்ட இன்னொரு பிழை பெறுவது சம்பந்தப்பட்டது. அனுப்புவதிலேயே கவனமாக இருந்து, வருகிற பதில்களை மறந்துவிட்டேன். சிம்முக்குள் கொஞ்சம் செய்திகளுக்குத்தான் இடம். அது நிரம்பிவிட்டால் புதியவை உள்ளே வராமல் செய்தி நிலையத்தில் தேங்கி, காலம் கடந்தால் அழிந்துபோகும். "ஜனாஸா எந்த வீட்டிலிருந்து எடுக்கிறது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போகவில்லை. பள்ளி நிர்வாகத்துக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது என்று பேச்சு வந்தது. பெற்றதைக் கணனிக்கு இறக்கிவிட்டு சிம்மிலிருந்து அழிக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லிவைத்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

மூன்றாவது வழி, மொத்தமாக அனுப்பும் சேவை. இணையம் வழியாக அவர்களிடம் பட்டியலையும் வாசகத்தையும் கொடுத்தால் சில நிமிடத்தில் எல்லாருக்கும் போய்விடும். இலக்கத்துக்குப் பதிலாகப் பள்ளிவாசலின் பெயரே அனுப்புநராகத் தெரியும். பெயராகத் தெரிவதற்குப் பதில் அனுப்ப முடியாது, அதனால் வாசகத்துக்குள் ஒரு தொலைபேசி இலக்கம் வைத்தாக வேண்டும். கட்டணம் துண்டுக் கணக்கில். மூன்று துண்டென்றால் 480 வீட்டுக்கு 1,440 செய்திக்குப் பணம். ஆங்கிலத்தில் அனுப்புகிறவர்களுக்கும் இதில் ஒரு பொறி உண்டு. வேர்ட் மென்பொருளில் எழுதி ஒட்டும்போது அது நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றியிருக்கும். அந்த ஒற்றைக் குறி ஏழு பிட் அட்டவணையில் இல்லாததால் முழுச் செய்தியும் யுனிகோடாகி 160 எழுபதாகச் சுருங்கிவிடும். ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாலும் அதே கதிதான்.

எந்த வழியானாலும் பட்டியல் ஒரு அமானிதம். தேர்தல் காலத்தில் அதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு, சிலர் நம் சொந்தக்காரராகவும் இருப்பார்கள். எங்கள் நிர்வாக சபை ஒருமுறை கொடுக்க இருந்தது. ஜனாஸாவுக்கென்று தந்த இலக்கம் என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னதால் நின்றது.

அதிபரின் விஷயத்துக்குப் பிறகு நிர்வாக சபையில் எழுந்த முதல் யோசனை, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோம், 160 கிடைக்கும் என்பது. கணக்குச் சரிதான். ஆனால் வி-ஏ-எல்-ஐ என்று எழுதினால் அது வழியா, வலியா, வளியா? கே-ஏ-எல்-ஏ-ஐ என்பது காலையா கலையா? என் மூத்தம்மா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் அரபுத்தமிழில் கடிதம் எழுதுவார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதப் புகுந்தபோது, அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துக்களில் அடையாளங்களைக் கூட்டித் தனி எழுத்துக்களை உண்டாக்கினார்கள். இரவல் எழுத்து என்பதற்காக ஒலியை விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் ஒரு ரூபா மிச்சம் பிடிக்க ள, ழ, ல மூன்றையும் ஒன்றாகக் கொட்டுகிறோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கைத்தொலைபேசிகளுக்கான சர்வதேசத் தர நிர்ணயத்தில் தமிழுக்கென்றே ஏழு பிட் அட்டவணை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன்படி அனுப்பினால் ஒரு செய்தியில் 155 இடம் வரை கிடைக்கும். ஆனால் அனுப்புகிற கருவியும் பெறுகிற கருவியும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். நான் பரீட்சித்த கருவிகள் ஒன்றுகூட அதில் அனுப்பவில்லை.

ஆகவே எழுத்தை விடாமல் வாக்கியத்தை மாற்றினேன். தமிழ் அறிவித்தல் உறவில் தொடங்கிப் பெயரில் முடிவது. இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாருமான என்று அடுக்கிக்கொண்டு போய் ஆளைக் கடைசியில் சொல்கிறோம். கடதாசியில் அது மரியாதை. எழுபது இடத்தில் அது விபத்து. இப்போது எங்கள் முதற் செய்தி இப்படி இருக்கிறது: "வபாத்:" என்ற சொல், உடனே மர்ஹூமின் பெயரும் தெருவும், முற்றுப்புள்ளி, "நல்லடக்கம் இன்று அஸர் பின்." எண்ணிப் பாருங்கள், பெயருக்கும் தெருவுக்கும் 34 இடம் கிடைக்கும். ஒரே துண்டு, உடைவதற்கு ஒன்றுமில்லை. ஸலாமும் துஆவும் உறவு முறையும் வீட்டு விலாசமும் இரண்டாவது செய்தியாகப் பின்னால் வரும். அது பிந்தினாலும் பரவாயில்லை.

"ஸலாம் சொல்லாம மௌத்து சொல்றதா?" என்று ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மறுமொழி சொன்னவர் அதிபர்தான். "ஸலாமப் பொறகு சொல்லட்டும், ஆளச் சரியாச் சொன்னாப் போதும்" என்றார்.

இன்னும் ஒன்று தீரவில்லை. பழைய பட்டன் போன்கள் சிலவற்றில் தமிழ் வடிவமே கிடையாது, செய்தி வந்தால் வெறும் கட்டங்களாகத் தெரியும். வீடு வீடாக விசாரித்தபோது அப்படி 61 பேர் இருந்தார்கள், அநேகமாக வயதானவர்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல் வைத்து ஆங்கில எழுத்தில் அனுப்புகிறேன். அதிலும் 20 பேரளவில் ஆங்கில எழுத்தை வாசிக்க மாட்டார்கள். அந்த வீடுகளுக்கு மோதினாரின் மகன் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறான்.