வலி கையிலா... கத்தரிக்கோலிலா?

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வலது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வலி. பால் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை, ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. "குழந்தையைத் தூக்கினா கை நழுவிடுமோன்னு பயமா இருக்கு டாக்டர்" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாடி பார்த்தேன். வாதம் மிகுந்திருந்தது. உளுந்துத் தைலம் கொடுத்து, நொச்சி இலை ஒத்தடமும் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் ஆயிற்று. வலி அப்படியே இருந்தது! தைலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன். "ஏம்மா, நாள் முழுக்க இந்தக் கை என்ன வேலை செய்யுது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய சேலைகளையும் தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளையும் வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து மெத்தை விரிப்பு தைத்துக் கொடுக்கிறார். வீட்டுச் செலவில் பாதி அதிலிருந்துதான் ஓடுகிறது. நம் புதுவைப் பக்கத்துப் பெண்களுக்குத் துணியும் கத்தரியும் புதிதில்லை. ரொமேன் ரோலான் வீதியில் க்ளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில் உபாசனாவில் மிஞ்சிய துணித் துண்டுகளைக் கொண்டு மீனவப் பெண்கள் செய்த 'சுனாமிகா' பொம்மையும் ஞாபகம் இருக்கலாம்.

சரி, ஒரு கணக்குப் போடுங்கள். ஆறு அங்குலச் சதுரமாக வைத்தால் ஒரு கட்டில் விரிப்புக்கு 150 துண்டு வேண்டும். துண்டுக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வெட்டு. ஆக, ஒரு விரிப்பு முடிவதற்குள் கட்டைவிரல் 1,200 தடவை விரிந்து மூடுகிறது! விரலை விரிக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் உரசினால் உறை தடித்துப் போகும், நாண் சிக்கும். 1895-ல் சுவிஸ் நாட்டு அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் இதை விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் பக்கம் 'சுரீர்' என்றால் இந்த உபாதையாக இருக்கலாம். அழுத்திச் செய்ய வேண்டாம்.

மறுமுறை வரும்போது கத்தரிக்கோலையும் எடுத்துவரச் சொன்னேன். அம்மாடி! பன்னிரண்டு அங்குல இரும்புக் கத்தரி. அவருடைய மாமனார் 'சொல்தா' வீடுகளுக்குத் தைத்துக் கொடுத்த காலத்துச் சாமான். (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைப் புதுவையில் அப்படித்தான் சொல்வோம்.) ஆண் கைக்கு அடித்த கத்தரி. வளையத்துக்குள் அந்த அம்மாவின் கட்டைவிரல் மணி நாக்குப் போல ஆடியது. மரை இறுகிக் கிடந்தது, முனையும் மழுங்கியிருந்தது. "இது ராசியான கத்தரி டாக்டர்" என்றார். ராசி இருக்கட்டும், சாணை பிடித்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டேன். பதில் இல்லை!

கைவலி உள்ளவர்கள் கத்தரி வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து நாலைந்து துண்டுத் துணி எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் காகிதத்தை வெட்டிக் காட்டுவார், அதை நம்பாதீர்கள். நான்கு மடிப்புத் துணியை நீங்களே வெட்டிப் பாருங்கள். அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக வெட்ட வேண்டும். ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரித்து விட்டால் அது மெதுவாக இறங்க வேண்டும். 'டப்'பென்று விழுந்தால் மரை தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். சதுரத் துண்டு வெட்ட எட்டு அல்லது ஒன்பது அங்குலம் போதும். மீரட் கத்தரிகளுக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நல்ல சரக்குதான். ஆனால் பெயரைப் பார்த்து வாங்காமல், கையில் எடுத்துக் கனம் பார்த்து வாங்குங்கள்.

பிடி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கீழ் அலகு மேஜையில் படுத்தபடி நகரும், கத்தரியின் பாரத்தை மேஜை சுமக்கும். பெரிய வளையத்தில் மூன்று விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். வளையத்தின் விளிம்பு கட்டைவிரலின் பக்கத்தில் அழுத்தினால் அங்குள்ள நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும். நம் தையல்காரர்கள் வளையத்தில் துணி சுற்றி வைப்பதன் காரணம் இதுதான். இடதுகைக்காரர்களுக்குத் தனிக் கத்தரி உண்டு. வலதுகைக் கத்தரியால் அவர்கள் வெட்டும்போது அலகுகள் விலகும். அதைச் சேர்த்துப் பிடிக்கக் கட்டைவிரல் வீணாகப் பாடுபடும்.

விரலை விரிப்பதில்தான் வலி என்றால் ஸ்பிரிங் வைத்த கத்தரி நல்லது. அதுவே திறந்துகொள்ளும், நீங்கள் மூடினால் போதும். நூல் நறுக்கப் பெரிய கத்தரியைத் தூக்காதீர்கள், அதற்குச் சின்ன நூல் வெட்டி இருக்கிறது.

இன்னொரு சாதனம் சக்கரக் கத்தி. ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979-ல் அறிமுகப்படுத்தியது. பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி இருக்கும். அடியில் அதற்கான பாய் விரித்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து உருட்டினால் நாலு மடிப்பும் ஒரே இழுப்பில் வெட்டுப்படும். விரல் விரிந்து மூடும் வேலையே கிடையாது. ஆனால் மேலிருந்து அழுத்த வேண்டும். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்களுக்கு அந்த அழுத்தமே வலியைக் கூட்டலாம். அவர்கள் உள்ளங்கையால் முழுதாகப் பிடிக்கும்படி பிடி தடித்ததாகப் பார்த்து வாங்கட்டும். சக்கரம் 45 மில்லிமீட்டர், கனத்த மடிப்புக்கு 60. மழுங்கிய சக்கரத்தை உடனே மாற்றுங்கள். வெட்டி முடித்த கையோடு மூடியைப் போட்டுவிடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்! சர்க்கரை நோயாளிகளுக்கு விரல் வெட்டுப்பட்டால் ஆறத் தாமதமாகும், அவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தரையில் குந்தி, குனிந்து வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். நின்றபடி முழங்கையை மடக்கினால் கை நிற்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே மேஜை இருக்கட்டும். சின்னச் சின்னதாகக் கொத்தாமல் அலகை நீள விட்டு வெட்டுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கத்தரியைக் கீழே வையுங்கள். துணியைக் கிழித்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். பருத்தி நேராகக் கிழியும்தான், ஆனால் இரண்டு கட்டைவிரலும் இறுகப் பிடிக்க வேண்டும். வலி தீரும்வரை வேண்டாம்.

வேலை முடிந்த மாலையில் நொச்சி ஒத்தடம் சுகமாக இருக்கும். வீங்கிச் சிவந்து சுடும் மூட்டில் மட்டும் ஒத்தடம் கூடாது. விரல் மரத்தவர்கள் சூட்டை மறு கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் வெந்தாலும் தெரியாது.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, உதறினால் சரியாகிறதா? அது வேறு உபாதை. மணிக்கட்டில் நடு நரம்பு அழுந்துகிறது. சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். கட்டைவிரல் அடியிலுள்ள சதை மேடு வற்றத் தொடங்கினால் தைலம் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பாளையங்கோட்டையில் படித்த சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். காலையில் பல மூட்டுகள் ஒருசேர விறைத்துக்கொண்டாலும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

அந்த அம்மா எட்டு அங்குல ஸ்பிரிங் கத்தரி வாங்கினார். இரண்டு வாரம் வெட்டும் வேலையை மகனிடம் விட்டுவிட்டு, கட்டைவிரலை அசையவிடாத பட்டை போட்டுக்கொண்டார். தைலமும் அப்போதுதான் பிடித்தது. ஆறாவது வாரம் பால் பாத்திரம் கைக்கு அடங்கியது. பேத்தி பிறந்து பதினாறாம் நாள், மாமியார் சேலையில் வெட்டிய குட்டி மெத்தை தொட்டிலுக்குப் போய்விட்டது. மாமனார் கத்தரிக்குச் சாணை பிடித்தாகிவிட்டது. தடித்த திரைச்சீலைத் துணி வந்தால் மகன் அதை எடுக்கிறான்.